பழைய டிசைனர் ஸ்கார்ஃப்கள்: கையெழுத்தை நம்பலாமா?

தாழம்பூ

வணக்கம் எல்லோருக்கும். 1940களில் இருந்து 60கள் வரை வந்த டிசைனர் ஸ்கார்ஃப்களைச் சேர்க்கலாம் என்று இறங்கியிருக்கிறேன், ஆரம்பத்திலேயே தலை சுற்றுகிறது. கையில் இருப்பது மூன்றுதான். முதலாவதின் மூலையில் தூரிகையால் எழுதியது போல 'வேரா' என்று கையெழுத்து, பக்கத்தில் ஒரு குட்டிப் பொறிவண்டு. இரண்டாவது ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தது, குதிரைக் கடிவாளங்கள் போட்ட 'பிரீட் த காலா'. இது 1957இல் வந்தது என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறை. மூன்றாவதில் யாருடைய கையெழுத்தும் இல்லை, பாதி கிழிந்த லேபிளில் 'ஜப்பான்' என்பது மட்டும் தெரிகிறது, ஆனால் மூன்றிலும் அதிகம் பளபளப்பது இதுதான்.

இவை உண்மையிலேயே அந்தக் காலத்தவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையெழுத்து இருந்தால் போதுமா? அப்புறம், வேரா ஸ்கார்ஃபில் பூஞ்சை வாடை அடிக்கிறது, மடிப்பு ஓரமாக லேசாகப் பழுப்புக் கறையும் இருக்கிறது. துவைக்கலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஓரத்தையல்

தாழம்பூ, கையெழுத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதை அச்சடிப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை, போலி செய்கிறவன் முதலில் செய்வதும் அதைத்தான். ஸ்கார்ஃபை மேசையில் விரித்து, ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பழைய பட்டு ஸ்கார்ஃபில் ஓரம் கையால் சுருட்டித் தைத்ததாக இருக்கும்: உருண்டையாக, கொஞ்சம் பூசினாற்போல, தையலுக்குத் தையல் இடைவெளி மயிரிழை கூடவோ குறையவோ இருக்கும். மெஷினில் அடித்ததென்றால் ஓரம் தட்டையாக, தையல் அளவெடுத்தது போல ஒரே சீராக ஓடும். ஹெர்மெஸ் ஓரம் படம் தெரியும் பக்கத்தை நோக்கிச் சுருண்டிருக்கும், வேறு பல நிறுவனங்களுடையவை பின்பக்கம் சுருளும். அதனால் 'ஹெர்மெஸ்' என்று போட்டிருந்து ஓரம் பின்னால் சுருண்டோ மெஷின் தையலாகவோ இருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

ஆனால் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். கையால் சுருட்டிய ஓரம் இருந்தாலே பெரிய நிறுவனத்துச் சரக்கு என்று ஆகாது. போருக்குப் பிறகு ஜப்பானில் தைத்து அமெரிக்கக் கடைகளுக்குப் போன சாதாரண ஸ்கார்ஃப்களில்கூட 'கையால் சுருட்டியது' என்று லேபிளிலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். உங்கள் மூன்றாவது அந்தக் குடும்பமாக இருக்கலாம். லேபிளின் மிச்சத்தில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஏதாவது எழுத்து தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் வேலை சுலபம், போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்த நேசநாட்டு ஆக்கிரமிப்பு 1952இல் முடிந்துவிட்டது.

அடுத்து பின்பக்கம். அந்தக் காலத்து ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் வலை கட்டிய தனிச் சட்டம் (ஃபிரேம்), ஒன்றன்மேல் ஒன்றாக நிறம் இறங்கும். நல்ல அச்சில் சாயம் துணியை ஊடுருவிப் போயிருக்கும், பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே தெரியும். பின்பக்கம் வெளுத்து வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நிறம் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள், ஒரு நிறம் இன்னொன்றின்மேல் மயிரிழை ஏறியிருக்கும், சில இடத்தில் நடுவே துளி வெள்ளை விட்டுப்போயிருக்கும். அதெல்லாம் குறை இல்லை, சட்டத்தை மனிதர்கள் நகர்த்தி வைத்த அடையாளம். நிறம் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது கணினி அச்சு, 1950களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இனி 1957. விற்றவர் முழுப் பொய் சொல்லவில்லை, பாதி உண்மை சொல்லியிருக்கிறார். 'பிரீட் த காலா' 1957இல் யூகோ கிரிகார் வரைந்தது. ஹெர்மெஸின் ஆரம்பகாலப் படங்களில் ஏராளமானவை அவர் கை, 'எக்ஸ் லிப்ரிஸ்' (1946) கூட அவருடையதுதான். ஆனால் அந்த நிறுவனத்தில் நன்றாக விற்ற படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிடுவார்கள், இந்தக் கடிவாளப் படம் எத்தனையோ முறை புதுப்புது நிறங்களில் வந்துவிட்டது. படம் பிறந்த ஆண்டு வேறு, உங்கள் கையில் இருக்கும் துணி அச்சான ஆண்டு வேறு. பழைய ஸ்கார்ஃப் விற்கிறவர்கள் பாதிப் பேர் வியாபாரம் செய்வது இந்த இடைவெளியில்தான். ஓரம் எந்தப் பக்கம் சுருள்கிறது, எப்படித் துவைப்பது என்று சொல்லும் பராமரிப்பு லேபிள் தைத்திருக்கிறதா, இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

வேராபித்து

வேரா என்றதும் ஓடி வந்துவிட்டேன். நீங்கள் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் ஹெர்மெஸை விட்டுவிட்டு இங்கே வாருங்கள் என்பேன். வேரா நியூமன் அமெரிக்க ஓவியர். கணவர் ஜார்ஜோடு சேர்ந்து 1942இல் பிரிண்டெக்ஸ் என்ற அச்சு நிறுவனத்தைத் தொடங்கினார், முதலில் அச்சடித்தது மேசைத் துணி வகையறாக்கள். போருக்குப் பிறகு நல்ல துணிக்குத் தட்டுப்பாடு, ராணுவம் கழித்துவிட்ட பாரசூட் பட்டு கிடைக்க, அதில் ஸ்கார்ஃப் அடித்தார். ஓவியத்தில் கையெழுத்துப் போடுவது போலத் துணியிலும் போட்டார். பெரிய பெயரெடுத்த பிறகும் படத்தை முதலில் காகிதத்தில் தூரிகையால் தீட்டிவிட்டுத்தான் துணிக்குக் கொண்டுபோவார், அதனால்தான் அவர் வரைந்த பாப்பி மலர்களில் தூரிகை இழுத்த தடம் அப்படியே இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

காலக் கணக்குக்கு வருவோம். பொறிவண்டு இல்லாத சின்னக் கையெழுத்து என்றால் ஆரம்ப காலம், வண்டு சேர்ந்தால் 50கள், 60கள், கையெழுத்து பெரிதாகி வண்டு காணாமல் போனால் 70கள் என்பது சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. சட்டம் இல்லை, விதிவிலக்கு நிறைய வரும். கையெழுத்துப் பக்கத்தில் வட்டத்துக்குள் காப்புரிமைக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் 60களுக்கு நகர்த்தலாம். 1967இல் நிறுவனம் மேன்ஹாட்டன் இண்டஸ்ட்ரீஸிடம் போய்விட்டது. வேரா 1993இல் இறக்கும்வரை வரைந்துகொண்டிருந்தாலும், பெயர் அவரைவிட அதிகமாகவே ஓடியது.

லேபிள் இருந்தால் இன்னொரு பிடி உண்டு. அமெரிக்காவில் துணி எந்த இழை என்று லேபிளில் எழுதியே ஆகவேண்டும் என்ற சட்டம் 1960 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதனால் 'நூறு சதவீதம்' இன்ன இழை என்று முறையாக எழுதிய லேபிள் இருந்தால் பெரும்பாலும் 1960 அல்லது அதற்குப் பின். பராமரிப்புக் குறிப்பும் சேர்ந்திருந்தால் இன்னும் பின்னே, அந்த விதி 1972இல்தான் வந்தது. ஆர்.என். என்று ஓர் எண் இருந்தால் அது நிறுவனத்தைக் காட்டும், வருடத்தைக் காட்டாது. பலர் அதை வைத்து வருடம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெண்பட்டு

என் கருத்து ரொம்பச் சுருக்கம்: பட்டாக இல்லாவிட்டால் தொடாதீர்கள். ரேயான், அசிட்டேட் போன்ற செயற்கை இழைகள் எல்லாம் மலிவுச் சரக்கு, சேகரிப்பில் அவற்றுக்கு இடம் இல்லை.

ஓரத்தையல்

வெண்பட்டு, இதை ஒத்துக்கொள்ள முடியாது. போர்க்காலத்தில் பிரிட்டனில் பட்டு பாரசூட்டுக்குப் போனது, பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. சைக்கா ஆஷர் என்று செக் நாட்டில் இருந்து லண்டனுக்கு வந்தவர், மனைவி லிடாவோடு சேர்ந்து ஓவியர்களிடமே படம் வாங்கி ஸ்கார்ஃப் அச்சடித்தார். ஹென்றி மூர், மத்தீஸ், கொக்தோ, தெரேன் என்று பட்டியலைப் பார்த்தால் கண்காட்சி அழைப்பிதழ் மாதிரி இருக்கும், உண்மையிலேயே 1947இல் லண்டன் லெஃபெவ்ர் காலரியில் சட்டம் போட்டு மாட்டிக் கண்காட்சியும் வைத்தார்கள். அந்த வரிசையில் மூர் வரைந்த சில ரேயானில் இருக்கின்றன. 'பட்டு இல்லை, வேண்டாம்' என்று மூர் வரைந்ததைத் தள்ளிவிட்டுப் போவீர்களா?

ஜாக்மார் என்ற லண்டன் நிறுவனத்தின் கதையும் இதேதான். போர் முழக்கங்களும் படை வாசகங்களும் போட்டு ஆர்னல்ட் லீவர் வரைந்த ஸ்கார்ஃப்கள் பட்டிலும் உண்டு, ரேயானிலும் உண்டு. பிரிட்டிஷ் துணியில் சி.சி.41 என்ற முத்திரை இருந்தால், அது 1941இல் தொடங்கி 1952இல் முடிந்த போர்க்காலச் சிக்கனத் திட்டத்தின் அடையாளம். லேபிள் போனாலும் அந்த முத்திரை பதினோரு வருடத்துக்குள் பிடித்துக் கொடுத்துவிடும். இழை என்பது தரத்துக்கு மட்டும் சாட்சி இல்லை, காலத்துக்கும் சாட்சி.

ஆனால் 1960களில் விலை குறைக்க அசிட்டேட்டுக்குப் போனவற்றைப் பற்றி நீங்கள் சொன்னால் பாதி ஒத்துக்கொள்கிறேன். இத்தாலிய டிசைனர் எமிலியோ புச்சி விஷயத்தில் பட்டுதானா என்று கேளுங்கள், அதோடு அச்சுக்குள்ளேயே அங்கங்கே 'எமிலியோ' என்று பொடிக் கையெழுத்து ஒளிந்திருக்கும், அதையும் தேடுங்கள். அதே சுழல் கோடுகள், அதே நிறங்கள், கையெழுத்து மட்டும் இல்லை என்றால் அது அந்தக் காலத்திலேயே அடித்த நகல். நகல் என்பதும் பழையதுதான், ஆனால் அந்தப் பெயரில் வாங்காதீர்கள்.

ஈரத்துணி

துவைப்பது பற்றி யாருமே பேசவில்லை, அதுதான் அவசரம். தாழம்பூ அக்கா, இன்றைக்கே தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். முதலில் ஸ்கார்ஃபை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கழுத்தில் முடிச்சு விழும் இடமும் மூலைகளும்தான் முதலில் நையும், ஊசித்துளைகள் போல வெளிச்சம் கசிந்தால் அங்கே இழை போய்க்கொண்டிருக்கிறது, தண்ணீரின் கனத்தைத் தாங்காது. பூச்சி அரித்த ஓட்டைகளும் அப்போதே தெரிந்துவிடும்.

தாங்கும் என்று தோன்றினால் சாயத்தைச் சோதியுங்கள். வெள்ளைப் பஞ்சைக் குளிர்ந்த நீரில் நனைத்து, ஓரத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் கொஞ்ச நேரம் அழுத்தி வையுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு இந்த மூன்றையும் விடாதீர்கள், வம்பு இவற்றில்தான் வரும். பஞ்சில் துளி நிறம் ஏறினாலும் வீட்டில் துவைக்கும் எண்ணத்தை மறந்துவிடுங்கள். வெள்ளைத் தளத்தில் சிவப்பு ஓடிவிட்டால் திரும்பாது.

நிறம் ஏறவில்லை என்றாலும் வழக்கமான சலவைத் தூள் கூடவே கூடாது. பல தூள்களில் புரதக் கறையைக் கரைக்கும் நொதி சேர்த்திருப்பார்கள், பட்டே ஒரு புரதம்தான், கறையோடு துணியையும் தின்னும். காரமில்லாத மென்மையான திரவ சோப்பு, குளிர்ந்த நீர், அகலமான பாத்திரம், அலசி எடுத்ததும் பிழியாமல் துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுக்க வேண்டும். வெயிலில் போடாதீர்கள். ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள், ஓரத்தின்மேல் மட்டும் பெட்டியை ஏற்றாதீர்கள். அந்தச் சுருள் நசுங்கிவிட்டால் ஓரத்தையல் அண்ணன் உங்களை மன்னிக்க மாட்டார்.

பழுப்புக் கறை நெடுநாள் மடிப்பில் வந்தது என்றால் பெரும்பாலும் போகாது, அதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள். வெளுப்பான் பக்கமே போகாதீர்கள். வெறும் வாடைதான் பிரச்சினை என்றால் துவைக்கவே வேண்டாம், நிழலில் காற்றோட்டமாக விரித்து வைத்தாலே குறையும். பத்திரப்படுத்தும்போது அமிலமில்லாத காகிதம் வைத்து, மடிக்காமல் அட்டைக் குழாயில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

தாழம்பூ

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. பார்த்தேன். ஹெர்மெஸ் ஓரம் முன்பக்கமாகத்தான் சுருண்டிருக்கிறது, நல்ல உருண்டை, தையல் ஒழுங்கற்ற ஒழுங்கு. பின்பக்கமும் நிறம் அழுத்தமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு மூலைக்குப் பக்கத்தில் பராமரிப்பு லேபிள் இருக்கிறது. வேராவில் வட்டத்துக்குள் காப்புரிமைக் குறி இருக்கிறது, சிவப்பு பஞ்சில் ஏறியது, ஆகவே துவைக்கவில்லை, நிழலில் விரித்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் குழப்பம். 'ஆக்கிரமிக்கப்பட்ட' என்றெல்லாம் எதுவும் இல்லை. ஓரத்தில் தொங்கிய ஓர் இழையை வெட்டி, நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனில் ஒரு சொட்டு விட்டேன். இழை கூழாகிப் பிசுபிசுவென்று கரைந்துவிட்டது.

ஓரத்தையல்

இழையை மட்டும் வெட்டி எடுத்துச் செய்தது நல்ல காரியம், துணிமேல் நேராக விட்டிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும். கரைந்தது என்றால் அது அசிட்டேட், பட்டு அசிட்டோனுக்கு அசையாது. ஜப்பான் லேபிளோடு அசிட்டேட் என்றால் 50களின் பிற்பகுதி அல்லது 60கள் என்று வைத்துக்கொள்ளலாம், அதைவிட நெருக்கிச் சொல்ல லேபிளின் மீதிப் பாதி வேண்டும். வெண்பட்டு முறைப்பார், ஆனால் அதிலுள்ள படம் உங்களுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெர்மெஸ் அசல்தான் என்று தோன்றுகிறது, ஆனால் பராமரிப்பு லேபிள் இருப்பதால் 1957 இல்லை, பின்னாளில் வந்த மறுவெளியீடு. முதல் அச்சு என்று சொல்லி அதற்கேற்ற விலை வாங்கியிருந்தால் விற்றவரிடம் லேபிளின் படத்தை அனுப்பிக் கேளுங்கள். அசலா போலியா என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள், அவர் 'அசல்தானே' என்று தப்பித்துவிடுவார். ஆண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

ஈரத்துணி

அசிட்டேட் என்று தெரிந்துவிட்டதால் ஒன்று: அதற்கு இஸ்திரிப் பெட்டியை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேயுங்கள். பட்டுக்கு வைக்கிற சூட்டில் அது மினுமினுவென்று தழும்பாகிவிடும், இன்னும் கொஞ்சம் ஏறினால் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். வாசனைத் திரவியத்தையும் அதன்மேல் அடிக்காதீர்கள்.