‘பார்க்கலாம்’ என்றால் வருவாயா, மாட்டாயா?

அத்தை: ஏன்டா, நேற்று வீடு மாற்றினோம், உன்னைக் காணோமே? நீ வருவாய் என்று பீரோவைத் தொடாமலே வைத்திருந்தோம்.

தம்பி: அத்தை, ‘பார்க்கலாம்’ என்றுதானே போட்டிருந்தேன்?

அத்தை: அதை நம்பித்தான் 11 மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி: ஐயோ! ‘வர முடியாது’ என்று உங்களிடம் எப்படி நேராகச் சொல்வது? அதனால்தான் அப்படிப் போட்டேன்.

சித்தி: 😂😂

அக்கா: சிரிக்காதீர்கள் சித்தி. ‘இந்த அறை புழுக்கமாக இருக்கிறதே’ என்பீர்கள். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறக்க வேண்டும். திற என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சித்தி: ‘கொஞ்சம் திறயேன்’ என்று கேட்டிருக்கிறேனே!

பெரியப்பா: அந்தக் ‘கொஞ்சம்’தான் வேடிக்கை. ‘கொஞ்சம் வாருங்கள்’ என்றால் கால்வாசி வந்து நிற்பதா? கடைசியில் வரும் ‘ஏன்’ இன்னும் அழகு. ‘கொடு’ அதட்டல், ‘கொடேன்’ கெஞ்சல். ஆனால் ‘தயவுசெய்து’ அறிவிப்புப் பலகைக்குத்தான் சரி. வீட்டில் ‘தயவுசெய்து கொஞ்சம் சும்மா இரு’ என்றால் அது திட்டு.

அக்கா: ‘நீங்க’வும் அப்படித்தான். இவர் என்னிடம் ‘நீங்க சொன்னா சரிதாங்க’ என்று ஆரம்பித்தால் அன்றைக்குச் சண்டை நிச்சயம்.

பெரியப்பா: பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்று இரண்டு மொழி ஆராய்ச்சியாளர்கள் 1978இல் இந்த மரியாதைப் பேச்சை ஆராய்ந்து எழுதினார்கள். எடுத்துக்கொண்ட மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், மூன்றாவது நம் தமிழ். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் எவ்வளவு பழக்கம், யார் கை ஓங்கியிருக்கிறது, கேட்கிற காரியம் எவ்வளவு பெரியது, இந்த மூன்றையும் பொறுத்துத்தான் பேச்சு சுற்றி வளைகிறதாம்.

அத்தை: பீரோ பெரிய காரியம்தான். அதற்காக என்னிடமே சுற்றி வளைப்பானா?

தம்பி: பழக்கம் சரி அத்தை, ஆனால் கை ஓங்கியிருப்பது உங்களுடையது 🙏

சித்தி: மறுப்பதை மரியாதையாகச் சொல்லலாம்டா, தப்பில்லை. ஆனால் கேட்டவருக்குப் புரிய வேண்டாமா? ‘அன்றைக்கு வேலை இருக்கிறது அத்தை’ என்றிருந்தால் வேறு ஆள் பார்த்திருப்பார்கள்.

அத்தை: சரி, போனது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அதை மாடிக்கு ஏற்ற வேண்டும். வருகிறாயா?

தம்பி: முயற்சி செய்கிறேன் அத்தை.

அத்தை: புரிந்துவிட்டது. வேறு ஆளைப் பார்க்கிறேன்.

தம்பி: ஐயோ அத்தை, இது நிஜமாகவே முயற்சி!