தமிழ்க் கட்டுரையில் தேற்றமும் நிறுவலும்: சாய்வெழுத்து, எண், கடைசிப் பெட்டி

கோபி_கணக்கு (கோபிசெட்டிபாளையம்)

வணக்கமுங்க. டிசம்பர் 22 கணித நாள் மலருக்காக 14 பக்கக் கட்டுரை ஒன்றை லேடெக்கில் (கட்டளை எழுதிக் கணித உரையை அச்சுக்கோக்கும் மென்பொருள்) தட்டிக்கொண்டிருக்கிறேன், முழுக்கத் தமிழில். பெர்ட்ராண்ட் எடுகோளுக்கு (1ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பது) ராமானுஜன் 1919இல் வெளியிட்ட நிறுவல்தான் பொருள். தேற்றம், நிறுவல் இவற்றை அமைக்கும் ஏஎம்எஸ்தியரம் தொகுப்பைப் போட்டிருக்கிறேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒன்று, தேற்றத்தின் வாசகம் சாய்ந்து வர வேண்டும். தமிழ் நேராகவே நிற்கிறது, இடையில் வரும் ஆங்கிலப் பெயர் மட்டும் சாய்கிறது. தேற்றம் எங்கே முடிந்து விளக்கம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இரண்டு, பெயரையும் எண்ணையும் தானே எழுதும் கிளெவர்ரெஃப் தொகுப்பு "தேற்றம் 2.3" என்று போட, நான் பின்னால் "ஆல்" ஒட்ட, "தேற்றம் 2.3ஆல் கிடைக்கிறது" என்று வாயில் நுழையாமல் வருகிறது. மூன்று, நிறுவல் முடிந்தது என்று காட்டும் பெட்டி பல இடத்தில் தனி வரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கட்டளைகளைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதுங்க, புரிந்துகொள்கிறேன்.

நொய்யல்_கரை (திருப்பூர்)

முதலாவது உங்க தப்பு இல்லீங்க. ஏஎம்எஸ்தியரத்தில் மூன்று பாணி உண்டு. பிளெயினில் தலைப்பு தடித்தும் வாசகம் சாய்ந்தும் வரும். டெஃபினிஷனில் தலைப்பு தடித்து, வாசகம் நேராக. ரிமார்க்கில் தலைப்பு சாய்ந்து, வாசகம் நேராக. ஆக மூன்றையும் பிரித்துக் காட்டும் வேலை சாய்வின் தலையில்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவமே கிடையாது. இல்லாததைக் கேட்டால் லேடெக் நேரெழுத்தையே எடுத்துப் போட்டுவிட்டு, லாகில் (ஓட்டத்தின் பதிவுக் கோப்பில்) ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டுப் போய்விடும்.

எழுத்துருவை ஏற்றும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் ஃபேக்ஸ்லான்ட் கொடுத்துச் செயற்கையாகச் சாய்க்கலாம். வேண்டாமுங்க. ழ, ஞ, ணு எல்லாம் ஆடிக்காற்றில் சாய்ந்த வாழை மாதிரி நிற்கும். ஒரு வரி என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஐந்து வரித் தேற்றத்தை அப்படிப் படிக்க முடியாது.

சாய்வை விட்டுவிட்டு நியூதியரம்ஸ்டைலில் சொந்தப் பாணி ஒன்று செய்துகொள்ளுங்க. அதற்கு ஒன்பது இடம் நிரப்ப வேண்டும், வரிசை மாறக் கூடாது: பாணியின் பெயர், மேல் இடைவெளி, கீழ் இடைவெளி, வாசக எழுத்து, உள்தள்ளல், தலைப்பு எழுத்து, தலைப்புக்குப் பின் வரும் நிறுத்தக்குறி, அதன்பின் இடைவெளி, தலைப்பின் அமைப்பு. மேலும் கீழும் 9 பாயின்ட், வாசகத்துக்கு நார்மல்ஃபான்ட், தலைப்புக்கு பிஎஃப்சீரிஸ், நிறுத்தக்குறிக்குப் புள்ளி. உள்தள்ளலையும் கடைசி இடத்தையும் காலியாக விடலாம். எட்டாவதை மட்டும் காலியாக விடாதீங்க, ஒரு வெற்றிடமாவது தட்டுங்க.

இடைவெளி மட்டும் போதாது என்றால் இடப்பக்கம் ஒரு கோடு. டிகலர்பாக்ஸ் தொகுப்பை மோஸ்ட் என்ற விருப்பத்தோடு ஏற்றி, டிகலர்பாக்ஸ்என்விரான்மென்ட் கட்டளையில் தியரத்தைக் கொடுத்து பிளாங்கர், பிரேக்கபிள், லெஃப்ட் 3 மிமீ, பார்டர்லைன் வெஸ்ட் 0.8 பாயின்ட். பிரேக்கபிள் விட்டுப்போனால் நீளமான தேற்றம் பக்கத்தில் பிளக்காமல் அப்படியே அடுத்த பக்கத்துக்குத் தாவி, முந்தைய பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டுவிடும். கோடு தேற்றத்துக்கும் துணைத் தேற்றத்துக்கும் மட்டும் இருக்கட்டும். வரையறைக்கும் குறிப்புக்கும் போட்டால் பக்கம் முழுக்க வேலிக்கம்பி நட்ட மாதிரி ஆகிவிடும்.

"நிறுவல்" என்ற தலைப்புக்கும் இதே கதைதான், அதுவும் சாய்வில் வர வேண்டியது. புரூஃப்நேம் கட்டளையை ரீநியூ செய்யும்போது சொல்லுக்கு முன் நார்மல்ஃபான்ட், பிஎஃப்சீரிஸ் இரண்டையும் உள்ளேயே வையுங்க. மாற்றம் ஏறவில்லை என்றால் மொழித் தொகுப்பு ஆவணம் தொடங்கும்போது மேலெழுதுகிறது என்று பொருள். அதே வரியை கேப்ஷன்ஸ்தமிழுக்குள் சேருங்க.

பவானி_கூடல் (ஈரோடு)

இரண்டாவது, மூன்றாவது இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இந்தத் தொகுப்புகளெல்லாம் ஆங்கிலச் சொல்வரிசைக்குத் தைத்த சட்டை. நமக்கு வேற்றுமை பெயரில் ஏறும், வினை கடைசியில் வரும்.

"தேற்றம் 2.3ஆல்" என்று யாரும் பேசுவதில்லை, "2.3ஆம் தேற்றத்தால்" என்றுதான் சொல்வோம். எண் முன்னால், பெயர் பின்னால், உருபு பெயரின் மேல். இதற்கு கிளெவர்ரெஃப் உதவாது, எடுத்துவிடுங்க. வெறும் ரெஃப் போட்டு எண்ணை வாங்கி, வெற்றிடம் விடாமல் "ஆம்" ஒட்டி, பெயரைக் கையால் எழுதுங்க: 2.3ஆம் தேற்றத்தின்படி, 2.1ஆம் வரையறையிலிருந்து, 2.1, 2.3 ஆகிய தேற்றங்களால். பிறகு ஒரு துணைத் தேற்றத்தைத் தேற்றமாக உயர்த்தினால் எண் தானாக மாறும், பெயர் மாறாது. அந்த ஒரு சொல்லைத் தேடித் திருத்தத்தான் வேண்டும்.

தலைப்பும் ஒத்துப்போக, நியூதியரம் வரிகளுக்கு முன் ஸ்வாப்நம்பர்ஸ் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அறிவித்தவை "2.3 தேற்றம்." என்று வரும். பக்கத்தைப் புரட்டித் தேடுகிறவருக்கு எண் இடது ஓரத்திலேயே கிடைக்கும், அது கூடுதல் வசதி.

இனிப் பெட்டி. தனி வரிக்குப் போக இரண்டு காரணம். என்ட் புரூஃபுக்கு முன் ஒரு வெற்று வரி விட்டிருப்பீங்க. பத்தி அங்கே முடிந்துவிடுவதால் பெட்டி புதுப் பத்தி தொடங்கி உட்காரும். வரியை அழித்தால் போதும். மற்றது, நிறுவல் தனிவரிச் சமன்பாட்டில் முடிவது. அப்போது சமன்பாட்டுக்குள்ளேயே, கடைசிக் குறிக்குப் பின் க்யூஈடிஹியர் என்று தட்டுங்க. பட்டியலில் முடிந்தால் கடைசி உருப்படியின் முடிவில். இரட்டை டாலர் போட்ட சமன்பாட்டில் இது ஒழுங்காக வேலை செய்யாது, சதுர அடைப்புக்குறி வடிவத்துக்கு மாறுங்க. ஏஎம்எஸ்மேத்தை ஏஎம்எஸ்தியரத்துக்கு முன்னால் ஏற்ற வேண்டும்.

ஆனால் தமிழில் இன்னொரு வகை வரும், இதற்கு எந்தக் கட்டளையும் கிடையாது. பாருங்க:

இரண்டு ஒற்றை எண்களையும் கூட்ட,
(2அ + 1) + (2ஆ + 1) = 2(அ + ஆ + 1)
ஆகும். ∎

"ஆகும்" என்ற ஒற்றைச் சொல்லும் பெட்டியும் ஒரு முழு வரியைப் பிடித்துக்கொண்டன. வாசகருக்கும் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படி மாற்றலாம்:

இரண்டு ஒற்றை எண்களின் கூடுதலை இப்படி எழுதலாம்:
(2அ + 1) + (2ஆ + 1) = 2(அ + ஆ + 1).
வலப்பக்கம் 2இன் மடங்கு. எனவே கூடுதல் இரட்டை எண். ∎

வினை சமன்பாட்டுக்கு மேலே போய்விட்டது, கீழே வருவது முடிவைச் சொல்லும் முழு வாக்கியம். உங்க 14 பக்கத்தில் "ஆகும்", "கிடைக்கிறது" என்று தனியாகத் தொங்கும் வரிகளை எண்ணிப் பாருங்க. பாதிப் பெட்டித் தொல்லை அங்கேதான் இருக்கும்.

கோபி_கணக்கு

எண்ணிப் பார்த்தேனுங்க, ஒன்பது இடம். எண்ணை முன்னால் போட்டதும் வாக்கியமும் இயல்பாக வருகிறது. இன்னொன்று: வரையறை, துணைத் தேற்றம், தேற்றம், கிளைத்தேற்றம் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண்ணா, ஒரே வரிசையா?

சிறுவாணி_தண்ணி (கோவை)

ஒரே வரிசை. தனித்தனியாகப் போட்டால் 2ஆம் தேற்றம், 2ஆம் வரையறை, 2ஆம் துணைத் தேற்றம் என்று மூன்று "2" ஆளுக்கொரு பக்கத்தில் கிடக்கும். உங்க பொருளையே எடுத்துக்கொண்டால்: 2.1 வரையறை, ராமானுஜன் பகா எண்கள் (2, 11, 17, 29, 41 என்று தொடங்குபவை). 2.2 துணைத் தேற்றம். 2.3 தேற்றம். 2.2க்கும் 2.4க்கும் நடுவில்தான் 2.3 இருக்கும் என்று வாசகருக்குத் தெரியும். தேற்றத்தை பிரிவு எண்ணோடு அறிவித்துவிட்டு, மற்றவற்றை அறிவிக்கும்போது பெயருக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் தியரம் என்று கொடுத்தால் ஒரே எண்ணியில் ஓடும். 14 பக்கத்துக்குப் பிரிவு எண் கட்டாயம் இல்லை, 1, 2, 3 என்று நேராகப் போனாலும் போதும் என்பது என் கட்சி.

நொய்யல்_கரை சொன்ன இடக்கோடு எனக்கு ஒப்பவில்லை. நிறுவலின் கடைசியில் பெட்டி இருக்கிறது, தேற்றத்தின் தொடக்கத்தில் தடித்த தலைப்பு இருக்கிறது. குழப்பம் வருவது தேற்றத்துக்கும் அதன்பின் வரும் உரைக்கும் நடுவே மட்டும். தேற்றம் முடிந்த உடனே நிறுவலைத் தொடங்கினால் அங்கேயும் வராது. இடையில் விளக்கம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அதைக் குறிப்பாக எண் போட்டு எழுதுங்க.

வேறு சில. சமன்பாட்டுக்குள் "எனில்", "மற்றும்" போன்ற சொல்லை வெறுமனே தட்டினால் அச்சில் காணாமல் போகும், கணித எழுத்துருவில் தமிழ் இல்லை. பிழைச் செய்தி வராது, லாகில் "மிஸ்ஸிங் கேரக்டர்" என்று மட்டும் இருக்கும். டெக்ஸ்ட் கட்டளைக்குள் வையுங்க. அச்சுக்கு முன் லாகில் அந்தச் சொல்லைத் தேடுவது கட்டாயம். கோப்பை லுவாலேடெக் என்ற லேடெக் வகையில் ஓட்டினால் எழுத்துருவுக்கு ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்று கொடுங்க, இல்லாவிட்டால் கொ, கெ எல்லாம் கொம்பு இடம் மாறி வரலாம். ஸீலேடெக்கில் அந்தத் தொல்லை இல்லை.

தேற்றத்தின் பெயருக்குப் பக்கத்தில் "ராமானுஜன், 1919" என்று போட பிகின் தியரத்துக்குப் பின் சதுர அடைப்பு. அதற்குள் பக்க எண்ணோடு, நூலை மேற்கோள் காட்டும் சைட் கட்டளையும் வந்தால் உள்ளே இருக்கும் சதுர அடைப்பு வெளி அடைப்பைப் பாதியில் மூடிவிடும். முழுவதையும் நெளி அடைப்புக்குள் வைத்தால் சரி. தேற்றம் நேராகப் பட்டியலில் தொடங்கினால் முதல் உருப்படி தலைப்பு வரியிலேயே ஒட்டும். லீவ்விமோட் ஒன்று போட்டால் கீழே இறங்கும்.

அப்புறம், நிறுவல், நிரூபணம் இரண்டையும் கலக்காதீங்க. தலைப்பில் நிறுவல் என்றால் உரையிலும் "நிறுவுவோம்". அச்சகத்துக்கு பிடிஎஃப் மட்டும் அனுப்புங்க. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் மறுபடி தட்டினால் கீழ்க்குறியெல்லாம் சாதாரண எண்ணாக மேலேறிவிடும், பெட்டி எங்கே போகும் என்று சொல்லவே முடியாது.

நொய்யல்_கரை

கோடு வேண்டாம் என்றால் மேல்-கீழ் இடைவெளியை 9இலிருந்து 12 பாயின்ட் ஆக்கிவிடுங்க. தேற்றம் முடிந்த உடனே நிறுவலைத் தொடங்கும் கட்டுரைக்கு அதுவே போதும்.