மறு: கால்வானிக் கரோஷன் – 'சேர்க்கையரிப்பு' எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

ஓர் உலோகம் வேறொரு பொருளோடு சேர்ந்து ஈரத்தில் நனையும்போது அரிபடுவதை ஆங்கிலத்தில் கால்வானிக் கரோஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் வேண்டுமென்று சென்ற வாரம் இக்குழுவில் கேட்டிருந்தேன். நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. எழுதிய அனைவருக்கும் நன்றி. கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கும் என் பதினான்கு அடி அலுமினியப் படகைச் செப்பனிட்டுக்கொண்டே அச்சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஏட்டில் நன்றாக இருந்த சில சொற்கள், கையில் ஸ்பேனரோடு நிற்கும்போது உதவவில்லை. அதனால்தான் இந்த மடல் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

முதலில் நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைத் தாங்குவதற்காகப் படகின் பின்முனையை அடைத்து நிற்கும் பகுதியை நான் அமரப் பலகை என்றே எழுதிவருகிறேன். (படகின் பின்பக்கத்துக்கு அமரம் என்றும் முன்பக்கத்துக்கு அணியம் என்றும் மீனவர் வழக்கில் பெயர் இருக்கும்போது நாம் புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை, அந்த விவாதத்தை அதற்குரிய இழையிலேயே தொடரலாம்.) அந்தப் பலகையில் 10 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் ஒன்றைக் கழற்றினேன். போல்ட்டின் தலையைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது. கொப்புளத்தை நகத்தால் கீறியதும், நீர்பட்ட சுண்ணாம்பைப் போன்ற வெள்ளை மாவு உதிர்ந்தது. மாவைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வட்டமாக இருந்திருக்க வேண்டிய துளை கீழ்ப்பக்கமாக நீண்டு முட்டை வடிவத்தில் இருந்தது. விரல் நுனியே உள்ளே போயிற்று. போல்ட் மட்டும் நேற்று வாங்கியதுபோல் பளபளத்தது. துளையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளித் தகடு முழுவதும் நலமாகவே இருந்தது.

இந்த நிகழ்ச்சிக்குத்தான் பெயர் வேண்டும். 'துரு' என்று சொல்லிவிட்டால் போயிற்று என ஓர் அன்பர் எழுதியிருந்தார். துரு இரும்புக்கு உரியது. செம்புக்குக் களிம்பு என்ற தனிச்சொல்லையே நம் மொழி வைத்திருக்கிறது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை காட்டியதும் செம்பிற் களிம்பைத்தான். அலுமினியம் பிந்தி வந்த உலோகமாதலால் அதற்கெனப் பழஞ்சொல் இல்லை. பட்டறைகளில் 'உப்புப் பூத்துவிட்டது' என்பார்கள். வெளியே தெரியும் வெள்ளை மாவுக்கு அது அருமையான சொல். ஆனால் பூத்ததற்கான காரணத்தை அது சொல்வதில்லை. நமக்கு வேண்டியது காரணத்தின் பெயர்.

> மின்வேதி அரிப்பு என்பது பாடநூல்களில் முன்பே உள்ளது.

உள்ளது, ஆனால் அது குலப்பெயர். ஈரத்தில் நிகழும் உலோக அரிப்பு ஏறத்தாழ எல்லாமே மின்வேதி முறையில்தான், அதாவது மின்னோட்டத்தோடு கூடிய வேதிமாற்றமாகத்தான், நிகழ்கிறது. மழையில் கிடக்கும் வெறும் இரும்பாணி துருப்பிடிப்பதும் மின்வேதி அரிப்பே. அந்தச் சொல்லை இந்த ஒரு வகைக்கு மட்டும் வைத்துவிட்டால், பறவை என்ற பெயரைக் காக்கைக்கு மட்டும் வைத்த கதையாகிவிடும். சுருக்கி 'மின்னரிப்பு' என்றால் இன்னும் கேடு. அதைக் கேட்பவர் பேட்டரியையும் வயரையும் சோதிக்கப் போய்விடுவார். வயரிங் பழுதால் மின்சாரம் நீரில் கசிந்து உடற்கூட்டைத் தின்பது வேறொரு நோய். 'கசிமின் அரிப்பு' என்ற பெயரை அதற்கு ஒதுக்கி வைப்போம். என் படகில் அப்போது பேட்டரியே இல்லை.

> கால்வானிக் அரிப்பு என்று ஒலிபெயர்த்துவிடலாமே?

இதில் எனக்கு இரண்டு தயக்கங்கள். நம்மவர்களுக்கு 'கால்வனைஸ்டு' தகடும் குழாயும் நன்கு பழக்கமானவை என்பதால், கால்வானிக் அரிப்பு என்றதும் துத்தநாகம் பூசிய தகட்டில் பூச்சு உரிந்து துருவேறுவதையே நினைக்கிறார்கள். நான் மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். இருவர் அப்படித்தான் புரிந்துகொண்டனர். இன்னொரு தயக்கம் வரலாறு பற்றியது. தவளைக் காலில் கண்ட மின்விளைவை இத்தாலிய அறிஞர் கால்வானி வெளியிட்டது 1791-இல். அவர் பெயரால்தான் இந்த அரிப்புக்குக் கால்வானிக் என்ற பெயர். அதற்கு முன்பே கப்பல் தச்சர்கள் இந்த அரிப்பைக் கண்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் 'அலாரம்' என்னும் கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தியது. 1763-இல் அதைச் சோதித்தபோது, தகட்டை இறுக்கிய இரும்பாணிகள் பல இடங்களில் கரைந்து, தகடுகளே கழன்றிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக ஆணிக்கும் செம்புக்கும் இடையில் சிக்கிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணிகள் கெடாமல் இருந்தன. அந்தக் காகிதம்தான் இந்த இழை முழுவதிலும் நான் சொல்ல வருவது. அங்கே ஆணியைத் தின்றது கடல்நீர் மட்டுமன்று, அதன் சேர்க்கை.

> ஈருலோக அரிப்பு: எளிது, பொருள் தெளிவு.

இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் நானே இதைத்தான் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். மூன்றாம் நாள் ஒட்டுத்தகடு வைப்பதற்காக அலுமினியத்தின் மேல் பென்சிலால் கோடு போடப் போனபோது கை நின்றது. பென்சில் முனையிலுள்ள கிராஃபைட் உலோகமன்று. ஆயினும் அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்துக்கு மிக மோசமான துணை. கோட்டை அழிக்காமல் அதன்மேல் ஈரம் படவிட்டால், கோட்டின் வழியிலேயே தகடு அரிபடும். கரியிழை (கார்பன் ஃபைபர்) பதித்த உறுப்புகளை அலுமினியத்தோடு பிணைப்பதிலும் இதே தொல்லைதான். இவற்றை ஈருலோக அரிப்பு என்றால் முதல் பாதியே பொய்யாகிவிடும்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொன்றை என் சொந்த இழப்பிலிருந்து சொல்கிறேன். முன்பு வேறொரு சிறு படகின் அமரப் பலகைக்குள் இருந்த மரம் உளுத்துப்போனதால், பூச்சி அரிக்காத, நீரில் மக்காத பலகை என்று கேட்டு வாங்கி வைத்தேன். விற்றவர் சொன்னது பொய்யன்று, மரம் மக்கவில்லை. ஆனால் அந்த மரத்தில் ஏற்றியிருந்த காப்புமருந்து செம்பு உப்புகளால் ஆனது. ஈரத்தில் செம்பு கசிந்து அலுமினியத்தின் மேல் மிக நுண்ணிய உலோகத் துகள்களாகப் படிந்தது. ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றி ஒரு குழி தோண்டியது. பிரித்துப் பார்த்தபோது தகட்டின் உட்புறம் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருந்தது. அங்கே இரண்டாவது உலோகம் ஒன்று இருப்பதை என் கண் காணவே இல்லை. 'ஈருலோகம்' என்ற சொல் என்னை எச்சரித்திருக்காது. 'இதோடு எதைச் சேர்க்கிறாய்?' என்று கேட்கும் ஒரு சொல் எச்சரித்திருக்கும்.

> தொடுகை அரிப்பு?

நெருங்கிவிட்டது. ஆயினும் தொட்டால்தான் கெடும் என்பதில்லை. ஒரே நீரில் நிற்கும் இரு உலோகங்களை ஒரு வயர் இணைத்தாலும் போதும். அவற்றுக்கிடையே ஒரு முழம் இடைவெளி இருக்கலாம்.

ஆகவே என் முன்மொழிவு: சேர்க்கையரிப்பு. 'பையனுக்குச் சேர்க்கை சரியில்லை' என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தச் சேர்க்கைதான். தனியாக இருந்தால் அலுமினியம் நல்ல பிள்ளை. காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு தோலைத் தானே போர்த்திக்கொள்ளும். 5052, 5083, 5086 போன்ற மக்னீசியம் கலந்த வகைகள் பெயின்ட் இல்லாமலேகூடக் கடல்நீரில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். எஃகும் தனியாக இருந்தால் நல்லதே. இரண்டையும் சேர்த்து உப்புநீரில் நனைத்தால்தான் ஒன்று மற்றொன்றுக்கு இரையாகிறது. கடல்நீரில் வழக்கமான கேலமல் ஒப்பீட்டு மின்முனையை (மற்ற உலோகங்களின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் நிலையான முனை) வைத்து அளந்தால், படகுத் தகடாகும் அலுமினியக் கலவைகள் ஏறத்தாழ மைனஸ் 0.75 முதல் மைனஸ் 1.0 வோல்ட் வரையிலும், 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இயல்பான நிலையில் சுழியத்தை ஒட்டியும் நிற்கும். இந்த இடைவெளியே அரிப்பைத் தள்ளும் விசை. கெடுவது ஒன்றுதான், மற்றது முன்னைவிட நன்றாகக் காப்பாற்றப்படுகிறது என்பதையும் அந்த வீட்டு வழக்கு குறிப்பாகவே சொல்லிவிடுகிறது. 'கூட்டரிப்பு' என்று நான் எழுதிப் பார்த்து அடித்ததும் இதனால்தான். அதில் இருவரும் சேர்ந்து கெடுவதாகப் பொருள் வருகிறது.

ஒரு கலைச்சொல் குட்டி போடுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். உலோகங்களை அவற்றின் மின்னழுத்தப்படி அடுக்கிய பட்டியல் 'சேர்க்கை வரிசை' ஆகிறது. ஒன்றோடொன்று பிணைந்த இரண்டும் 'சேர்க்கை இணை'. நைலான் உறையும் வாஷரும் வைத்து, சீலன்ட் பூசி இரண்டையும் பிரிப்பது 'சேர்க்கை முறிப்பு'. 'துளையின் அடியில் சேர்க்கையரிப்பு தொடங்கியிருக்கிறது. சேர்க்கையை முறிக்காமல் மேலே பெயின்ட் அடித்துப் பயனில்லை' என்று நண்பரிடம் சொன்னேன். அவர் விளக்கம் கேட்கவில்லை.

பெயின்ட் பற்றிய அந்தக் கருத்தை விரித்துச் சொல்ல வேண்டும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து எஃகை வெறுமையாக விட்டால், பெயின்ட்டில் விழும் சிறு கீறல் ஒன்றின்மேல் முழு அரிப்பும் குவிந்து தகட்டைத் துளைத்துவிடும். பெரிய பரப்பு தின்னும்போது இரை சிறிதாக இருக்கக் கூடாது. பூசுவதானால் எஃகையும் சேர்த்துப் பூச வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகையால் தகட்டைத் தேய்ப்பதும் இதே பிழைதான். ஒடிந்த இரும்பு முட்கள் மென்மையான அலுமினியத்தில் குத்தி நின்று ஆயிரம் சிறு சேர்க்கைகளை உண்டாக்கும்.

அன்புடன்.

*

வேதியியல் பேராசிரியர் ஐயா தனிமடலில் எழுதியதை, அவருடைய இசைவோடு இங்கே இடுகிறேன்:

> தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று தடைகள் எழும். சேர்க்கை என்றால் இன்றைய வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்லூரிச் சேர்க்கை. இரண்டாவதாக, மின்பகுளியாகிய நீரை உங்கள் சொல் விட்டுவிடுகிறது; நீரில்லாமல் எந்தச் சேர்க்கையும் அரிக்காது. மூன்றாவதாக, கலவைக்குள்ளேயே செம்பு கலந்த அலுமினியத்தில் உள்துகள்களைச் சுற்றி நிகழும் அரிப்பை என்னவென்று சொல்வீர்கள்? அங்கே வெளியிலிருந்து எதுவும் சேரவில்லையே.

ஐயா அவர்களுக்கு, வணக்கம். முதல் தடையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அரிப்பு' என்ற சொல்லுக்கே மண்ணரிப்பு, தோலரிப்பு என்று வேறு பொருள்கள் இருக்க, அடைமொழியும் இடமும்தானே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன? இரண்டும் ஒட்டி ஒரு சொல்லாக நிற்கும்போது கல்லூரி நினைவு வராது என்று நம்புகிறேன். பிரித்து எழுதினால் வரும். ஆகவே சேர்த்து எழுதுவதையே விதியாகக் கொள்ளலாம்.

நீரைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஒரு சொல் முழு வரையறையையும் சுமக்க வேண்டியதில்லை. படகு என்றாலே நீர் உண்டு. நடைமுறையில் என்னால் நீரைத் தடுக்க முடியாது, சேர்க்கையைத் தடுக்க முடியும். எதைத் தடுக்க முடியுமோ அது பெயரில் இருந்தால் போதும்.

மூன்றாவது தடை என்னை யோசிக்க வைத்தது. செம்பு மிகுந்த 2000 வரிசைக் கலவைகளைப் படகின் அடித்தகட்டுக்குப் பயன்படுத்தாததற்கு நீங்கள் சொல்லும் உள்துகள்களே முக்கியக் காரணம். அதை 'உட்சேர்க்கையரிப்பு' என்போம். என் சொல்லுக்கு நானே காணாத ஒரு குட்டியை நீங்கள் காட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் தரைப்பலகைக்கு அடியில் ஈரம் ஊறிய நுரை ஒட்டிக்கிடந்து அலுமினியத்தைக் குழிவிழச் செய்வதை நான் இதில் சேர்க்க மாட்டேன். அங்கே காற்று புகாத இடுக்குதான் குற்றவாளி. 'இடுக்கரிப்பு' என்ற பெயரே அதற்குத் தகும்.

இனி முடியாமல் நிற்பது ஒன்று. படகுத் தகட்டைக் காப்பதற்காக வேண்டுமென்றே கெட்ட சேர்க்கையாக வைத்து, தான் கரைந்து தகட்டைக் காக்கும் அந்த உலோகத் துண்டுக்கு என்ன பெயர்? ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1824-இல் கப்பலடியில் போர்த்திய செப்புத் தகட்டைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் வைத்து வென்றார். செம்பு கரைவது நின்றதால் அதன் நஞ்சும் நின்று, அடிப்பாகமெல்லாம் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டன என்பது வேறு கதை. பேச்சுவழக்கில் அதைத் 'துத்தநாகம்' என்றே சொல்லிவிடுகிறார்கள். அது ஆபத்தான பழக்கம். கடல்நீருக்குத் துத்தநாகமோ அதற்கென்று செய்த அலுமினியக் கலவையோ பொருந்தும். நன்னீரில் துத்தநாகம் மேற்பரப்பு மூடிச் செயலற்றுப்போவதால் மக்னீசியம் வேண்டும். அதே மக்னீசியத்தைக் கடல்நீரில் மாட்டினால் அளவுமீறிப் பாதுகாத்து, அலுமினியத்தின் மேல் காரம் சேர்ந்து பெயின்ட்டை உரித்துவிடும். பொருளின் பெயரில் உலோகத்தின் பெயர் இருக்கக் கூடாது. 'கரைகாப்பு' என்று ஒருவர் சொன்னார். படகைப் பற்றிய எழுத்தில் அது கடற்கரைக்குக் கல் கொட்டுவதுபோல் ஒலிக்கிறது. நான் தற்போது 'காவுமுனை' என்று எழுதிவருகிறேன். இதற்குத் தடைகள் இருந்தால் இந்த வார இறுதிக்குள் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அமரப் பலகையைத் திரும்பப் பூட்டுகிறேன். நைலான் வாஷர் டப்பாவின் மேல் 'சேர்க்கை முறிப்பு' என்று எழுதி ஒட்டியாயிற்று, பக்கத்து டப்பா பெயரில்லாமல் இருக்கிறது.