புதுப்பிப்பு: தாத்தாவின் அம்பாப் பாட்டுகள், கேள்விக்குறிகள் போய்விட்டன

பாம்பனில் தாத்தா வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளைக் கேசட்டிலிருந்து எம்பி3 ஆக்கியிருந்தேன். ஃபூபார்2000 என்ற மியூசிக் பிளேயரில் திறந்தால் தலைப்பெல்லாம் வெறும் கேள்விக்குறி என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

கோளாறு பிளேயரில் இல்லை. கேசட்டை மாற்றிய பழைய மென்பொருள் ஐடி3வி1 டேக் (பாட்டு ஃபைலுக்குள் தலைப்பு, பாடியவர் பெயரை வைக்கும் பழைய வகைக் குறிப்பு) மட்டும் எழுதியிருக்கிறது. அதில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம், எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூனிகோடும் கிடையாது. விண்டோஸில் பழைய மென்பொருள்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்து அட்டவணைகளிலும் (கோட்பேஜ்) தமிழுக்கென்று ஒன்று இல்லாததால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகவே பதிவாகிவிட்டது. அப்படிப் போன எழுத்தை எதுவும் மீட்டுத் தராது. இதைக் கண்டுபிடித்த அன்று மனசே உடைந்துபோனது.

ஆனால் ஃபைல் பெயர்கள் தமிழில் அப்படியே இருந்தன! டேகைத் திருத்தும் மென்பொருளான எம்பி3டேகில் ஃபைல் பெயரிலிருந்து டேகை நிரப்பும் வசதி உண்டு. ஃபைல் பெயரில் உள்ள பாடியவர், ஒரு சிறு கோடு (-), தலைப்பு என்ற வரிசையைச் சொல்லி, டேகை ஐடி3வி2.3 (யூனிகோடு ஏற்கும் புதிய வகை), யூடிஎஃப்-16 (யூனிகோடு எழுத்தைப் பதியும் ஒரு முறை) என்று அமைத்துச் சேமித்தேன். மொத்தமும் பத்தே நிமிடம்.

அப்புறம் தாத்தா பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தேன், பிளேயரின் பாட்டுப் பட்டியலில் மூன்று ஆளாக நின்றார். அதையும் ஒன்றாக்கினேன்.

உப்புக்காற்றில் இங்கே எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் ஒரு பிரதியைப் பரமக்குடியில் அக்கா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். நேற்று அம்மா முதல் பாட்டைத் தலைப்பைப் படித்து, தானே தேடிப் போட்டுக் கேட்டார்.