கறுப்பு வட்டமெல்லாம் கட்டி இல்லை: சினைப்பை ஸ்கேன் பார்த்த அனுபவங்கள்

பெகுவிலிருந்து:

மியான்மரில் பெகுவுக்குக் கிழக்கே, நம் தமிழ் ஆட்கள் பால்மாடு வைத்துப் பிழைக்கும் ஒரு கிராமம். போன மழைக்காலம் முடிகிற நேரத்தில் அங்கிருந்து ஒரு மாட்டை ஸ்கேன் பார்க்கக் கூப்பிட்டார்கள். கலப்பின ஹோல்ஸ்டீன் பசு, மூன்றாம் ஈத்து. சினை ஊசி போட்ட பதினோராம் நாள் யாரோ ஸ்கேன் பார்த்து, திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொடுத்து, "நீர்க்கட்டி, இனிமேல் இது சினை பிடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வியாபாரி வந்து விலையும் பேசியாகிவிட்டது. வீட்டு அம்மா என்னிடம், "சயா (ஐயா), கடைசியா ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. நீங்களும் இல்லைன்னா கயித்த அவுத்துக் குடுத்துடுறோம்" என்றார். டீக்கடைகளுக்குப் பால் ஊற்றித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

கைப்பேசிப் படத்தைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. ஸ்கேனில் நீர் கறுப்பாகவும் சதை சாம்பல் நிறமாகவும் தெரியும். நடுவில் கறுப்பு வட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் படத்தின் ஓரத்திலிருந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வட்டம் 12 மில்லிமீட்டர், அதைச் சுற்றியிருந்த சாம்பல் சதை ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தடிமன். முட்டை வெளியேறாமல் ஊதிப்போன நீர்க்கட்டிக்கு இப்படிச் சுவர் இருக்காது. இது முட்டை வெளியேறிய இடத்தில் வளரும் மஞ்சள் திசு, அதாவது கார்பஸ் லூட்டியம். அதன் நடுவில் நீர் தேங்கி நிற்பது பல பசுக்களில் காண்கிற சாதாரண விஷயம். சினை தங்க அது தடையே இல்லை. நாளாக ஆக அந்தக் குழி பெரும்பாலும் சுருங்கி மூடிவிடும்.

நான் போன அன்று சினை ஊசி போட்டு 33 நாள். முதலில் சாணத்தை முழுக்க வெளியே எடுத்தேன். குடல் சுவருக்கும், குடல் வழியே உள்ளே விடும் ஸ்கேன் முனையான புரோபுக்கும் இடையில் சாணமோ காற்றோ நின்றால் நிழல் விழுந்து, இல்லாத கறுப்பெல்லாம் தெரியும். வலது சினைப்பையில் அதே மஞ்சள் திசு இருந்தது; குழி மட்டும் மிளகளவுக்குச் சிறுத்திருந்தது. அப்படியே புரோபை வலது கருப்பைக் கொம்புக்கு நகர்த்தினேன். கறுப்பு நீருக்குள் கரு. அதன் நடுவில் இதயம் படபடவென்று துடிக்கிறது. திரையை அந்த அம்மா பக்கம் திருப்பிக் காட்டினேன். அவருக்குப் பேச்சு வரவில்லை.

கட்டி என்று நம்பி யாராவது புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டிருந்தால் அந்த மஞ்சள் திசு கரைந்து, அதோடு கருவும் போயிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. சினைப்பையை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. சினைக்கால மஞ்சள் திசுவும் சாதாரணப் பருவ சுழற்சியின் மஞ்சள் திசுவும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசத்தைக் கருப்பையும் தேதியும்தான் சொல்லும். பதினோராம் நாளில் கருவைத் தேடினாலும் கிடைக்காது, 28 நாளாவது போக வேண்டும்.

தட்டோனிலிருந்து:

அண்ணே, எங்கள் பக்கம் எருமைகள் அதிகம். எருமையின் சினைப்பை பசுவினுடையதை விடச் சிறியது, மஞ்சள் திசுவும் வெளியே துருத்தாமல் உள்ளேயே புதைந்து கிடக்கும். கைவிட்டுத் தடவிப் பார்ப்பவர்கள் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவது அதனால்தான். வெயில் காலத்தில் எருமை பருவத்துக்கு வந்தாலும் கத்தாது, வழும்பும் சரியாகத் தெரியாது, வீட்டுக்காரர் கவனிக்காமலே பருவம் கடந்துபோகும். கருப்பை வெறுமையாக இருந்து, ஸ்கேனில் மஞ்சள் திசுவைப் பார்த்துவிட்டால் அது பருவச் சுழற்சியில்தான் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். போன கோடையில், வருடக்கணக்காகச் சினை பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவைத்த எருமை ஒன்றுக்கு அப்படித்தான் பார்த்தோம். இடது பக்கம் நல்ல மஞ்சள் திசு, கருப்பை வெறுமை. புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டு மூன்றாம் நாள் பருவத்துக்கு வந்தது. இப்போது சினை.

இரண்டு பக்கமும் மஞ்சள் திசு இல்லை என்றால் உடனே "சினைப்பை வேலை செய்யவில்லை" என்று சொல்லாமல், பத்து நாள் கழித்து இன்னொரு முறை பாருங்கள். பருவத்தை ஒட்டிய நாட்களில் பல மாடுகளுக்கு மஞ்சள் திசு சரியாகத் தெரியாது. இரண்டாம் முறையும் இல்லை, முட்டை வளரும் சின்னச் சின்ன நீர்ப்பைகள் (முட்டைப்பைகள்) மட்டும் என்றால் பெரும்பாலும் தீனிக் குறைதான். தவிடும் கடலைப் புண்ணாக்கும் வைத்து உடம்பைத் தேற்றாமல் ஊசியை மட்டும் நம்புவது வீண்செலவு.

யெசினில் கால்நடை மருத்துவம் படிக்கும் ஒருவர்:

ஐயா, ஒரு சந்தேகம். தடிமனான சுவர் உள்ள கட்டியும் உண்டே? லூட்டியல் கட்டியையும் குழி விழுந்த மஞ்சள் திசுவையும் எப்படிப் பிரிப்பது? இன்னொன்று, சினைப்பைக்கு அருகில் ஓடும் ரத்தக் குழாயும் குறுக்குவெட்டில் கறுப்பு வட்டமாகவே தெரிகிறது.

பெகுவிலிருந்து:

நல்ல கேள்வி தம்பி. குழாயைக் கண்டுபிடிப்பது சுலபம். புரோபை மெதுவாகத் திருப்பு. வட்டம் நீண்டு குழலாக ஓடினால் ரத்தக் குழாய். எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டமாகவே இருந்து, நகர்த்தியதும் மறைந்தால் முட்டைப்பை. கலர் டாப்ளர் இருந்தால் ரத்த ஓட்டமே தெரிந்துவிடும், ஆனால் கிராமத்துக்குத் தூக்கிப்போகும் மெஷினில் அது எங்கே இருக்கிறது!

லூட்டியல் கட்டியில் நீர்தான் அதிகம். மொத்த அளவு 25 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும், சுற்றிலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் சாம்பல் விளிம்பு. மஞ்சள் திசுவில் சதைதான் அதிகம், நீர் கொஞ்சம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தெளிவாகாவிட்டால் யோசிக்காமல் ஒரு வாரம் தள்ளிப் போடு. மாடு எங்கேயும் ஓடிவிடாது.

டவுங்கூவிலிருந்து, மாடு வைத்திருப்பவர்:

என் பசு கன்று போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. நாலு நாளைக்கு ஒரு தடவை கத்துகிறது, மற்ற மாடுகள் மேல் ஏறுகிறது. இதுவும் கட்டி இல்லை என்பீர்களா?

பெகுவிலிருந்து:

இல்லை ஐயா, உங்கள் மாட்டுக்குக் கட்டி இருக்க வாய்ப்பு நிறைய. மெல்லிய சுவர், 25 மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிய கறுப்பு வட்டம், இரண்டு பக்கமும் மஞ்சள் திசு இல்லை, பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் அப்படியே நிற்கிறது என்றால் அது உண்மையான ஃபாலிக்குலர் கட்டி. முட்டை வெளியேறத் தூண்டும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோன் ஊசிக்குப் பல மாடுகள் கேட்கும். கன்று போட்ட புதிதில் வருவது தானாகக் கரைவதும் உண்டு. ஸ்கேன் பார்க்க வருபவரிடம் கன்று போட்ட தேதி, கத்திய தேதி எல்லாம் எழுதிக் கொடுங்கள். எனக்கு அனுப்புவதாக இருந்தால் ஒற்றைப் படம் வேண்டாம், இரண்டு சினைப்பையும் கருப்பையும் வருகிற மாதிரி வீடியோவாக அனுப்பச் சொல்லுங்கள்.