சோஷியல் பெர்செப்ஷன்: மீனுக்குச் "சமூக உணர்வு" வேண்டாமே

> "சமூக உணர்வு" என்றே வைத்துக்கொள்ளலாம். எளிதாக இருக்கிறது.
>> "இனவுணர்வு" இன்னும் சுருக்கம்.

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் சோஷியல் பெர்செப்ஷனுக்கு, அதாவது பக்கத்தில் தன் இனத்தவை இருப்பதை உணர்வதற்கு, மேலே வந்த இரண்டு சொல்லுக்கும் என் ஓட்டு இல்லை. "தனியே வளர்ந்த மீனுக்குச் சமூக உணர்வு குறைவு" என்று எழுதிப் பாருங்கள், ஏதோ அந்த மீன் தெருவில் குப்பை கொட்டுவதுபோல இருக்கும். இனவுணர்வு என்றாலோ மேடையேறி மைக் பிடித்துவிடும்.

சரி, பொருளைப் பார்ப்போம். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில், மேக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிலையத்தில் எரின் ஷூமன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இது. ஜீப்ரா மீன் குஞ்சைத் தனியே வளர்த்தால், மூளையில் பிடிஎச்2 என்ற ஹார்மோனுக்கான மரபணு ஏறக்குறைய அணைந்தே கிடக்கிறது. கூட்டத்தில் விட்டால் அரை மணி நேரத்தில் விழிக்கத் தொடங்கி, 12 மணி நேரத்தில் கூடி வளர்ந்த மீன்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. தடுப்புக்கு அப்பால் மற்ற மீன்களைக் கண்ணில் காட்டியும் பயனில்லை, நீரில் கலந்த வாசனையும் போதவில்லை. மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடுதான் நீரின் அசைவை உணரும் உறுப்பு; அதில் அசைவை வாங்கும் மயிர்ச்செல்களை மருந்தால் அழித்த பிறகு, கூட்டத்தில் விட்டும் மரபணு எழவில்லை. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜீப்ரா மீன் நீந்தும் அதே போக்கில் ஒரு காந்தத்தை நீரில் அசைத்தார்கள். பக்கத்தில் வேறு மீனே இல்லை, ஆனாலும் மரபணு விழித்துக்கொண்டது.

சின்ன வயதில் இருட்டிய பிறகு கொல்லைக்குப் போக என் பாட்டி என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். ஆறு வயதுப் பையன் எந்தப் பாம்பை அடிக்கப் போகிறேன்? பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் அவருக்குப் போதும். மீனுக்கும் அதேதான். எனவே என் முன்மொழிவு: துணையுணர்வு.

துணைவேந்தர், துணைக்கோள் மாதிரி "கீழ்ப்பட்ட உணர்வு" என்று படித்துவிடுவார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இணையைத் தேடுவது என்ற பொருளும் எட்டிப் பார்க்கும். "உடனிருப்புணர்வு" அந்த இரண்டு சிக்கலும் இல்லாத சொல், ஆனால் வாயில் நுழைய நேரமாகிறது. முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் துணையுணர்வே நிற்கும் என்று நினைக்கிறேன்.

அழுத்தம், அசைவு ஆகியவற்றை உணரும் மெக்கானோசென்சேஷனுக்கு "இயந்திர உணர்வு" கூடவே கூடாது, அங்கே எந்த இயந்திரமும் ஓடவில்லை. "அசைவுணர்வு" போதும். பக்கக்கோடு பாடநூலில் ஊறிய சொல், அதைத் தொட வேண்டாம். கெண்டை கழுவும்போது விலாவின் நடுவரிசைச் செதில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பக்கக்கோட்டின் சிறு துளை தெரியும். பிடிஎச் என்பதன் விரிவு பாராதைராய்டு ஹார்மோன். மீனுக்கு அந்தச் சுரப்பி தனியாகக் கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது! அதைப் பெயர்க்காமல் அப்படியே விடலாம்.

சோதனைக்கு ஒரு வாக்கியம்: "பக்கக்கோட்டின் அசைவுணர்வை இழந்த மீன், கூட்டத்தின் நடுவிலும் துணையுணர்வு இல்லாமல் இருக்கிறது." எங்காவது இடறினால் சொல்லுங்கள். வியாழனுக்குள் பட்டியலை முடித்தாக வேண்டும்.