இந்திய லைசென்ஸில் 12 மாதம் முடியப் போகிறது, இன்ஷூரன்ஸோ பிப்ரவரி வரை இருக்கிறது. ஓட்டலாமா?

கோவைக்காரன் (ரீடிங்), 2025 ஜூலை

எல்லாருக்கும் வணக்கம். 2024 செப்டம்பர் 14 அன்று வேலை விசாவில் இங்கிலாந்து வந்தேன். வீடு ரீடிங்கில், வேலை ஸ்லவ் பக்கம். விடியற்காலை ஷிஃப்ட் இருப்பதால் ரயிலை நம்ப முடியாமல் பிப்ரவரியில் ஒரு பழைய ஹோண்டா ஜாஸ் வாங்கினேன். இந்திய லைசென்ஸைச் சொல்லித்தான் இன்ஷூரன்ஸ் எடுத்தேன், வருஷத்துக்கு 1,380 பவுண்டு. ஊரில் 50 சதவீத நோ கிளெயிம் போனஸ் (இன்ஷூரன்ஸில் பணம் கேட்காமல் ஓட்டியதற்கான தள்ளுபடி) வைத்திருந்தேன். அதை இங்கே கணக்கிலேயே எடுக்கவில்லை.

34 பவுண்டு கட்டி ப்ரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) வாங்கிவிட்டேன். தியரியும் பாஸ். ஆனால் ப்ராக்டிகல் டெஸ்ட்டுக்குக் கிடைத்த முதல் தேதி டிசம்பர் 8. இந்திய லைசென்ஸில் ஓட்ட அனுமதிக்கும் 12 மாதம் செப்டம்பர் நடுவிலேயே முடிகிறது.

ஆபீஸில் ஒருவர், "பாலிசி பிப்ரவரி வரை இருக்கிறதே, அதுவரை ஓட்டு" என்கிறார். இன்னொருவர், ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தால் 12 மாதம் புதிதாகத் தொடங்கும் என்கிறார். அப்பா ஊரிலிருந்து, "இன்டர்நேஷனல் பெர்மிட் போட்டால் போதாதா?" என்று கேட்கிறார். யார் சொல்வது சரி? மனைவி இந்த ஜனவரி 9 அன்றுதான் வந்தாள். அவளுக்கும் இந்திய கார் லைசென்ஸ் இருக்கிறது. அவளைப் பாலிசியில் சேர்த்தால் ஏதாவது வழி உண்டா? மூன்று வயது மகளை நர்சரியில் விட வேண்டும், அதுதான் பெரிய கவலை.

வைகைக்கரை (மில்டன் கீன்ஸ்)

தம்பி, மூன்று பேர் சொன்னதும் தப்பு. நான் அந்தத் தப்பைச் செய்து பணம் கட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் 2022 ஜனவரியில் வந்தேன். ஜூன் மாதம் கார் வாங்கி ஒரு வருஷப் பாலிசி எடுத்தேன். அதாவது பாலிசி 2023 ஜூன் வரை, ஓட்டும் உரிமை 2023 ஜனவரி வரை. இந்த இரண்டு தேதியும் வேறு வேறு என்று எனக்கு உறைக்கவே இல்லை. பாலிசி போடும்போது யாரும் சொல்லவும் இல்லை. பிப்ரவரியில் ஒரு மழை மாலை. இந்த ஊர் முழுக்க ரவுண்டானா, உங்களுக்கே தெரியும். எனக்கு முன்னால் ஒரு கார் நகர்ந்தது. அது போய்விட்டது என்று நினைத்து வலது பக்கம் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். அந்தக் கார் போகவில்லை, தயங்கி நின்றிருந்தது. அதன் பின்பக்க பம்பரில் உள்ளங்கை அளவு நசுங்கல், அவ்வளவுதான். இறங்கி மன்னிப்புக் கேட்டு, பெயரும் பாலிசி விவரமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து இன்ஷூரன்ஸிலிருந்து போன். விபத்து எப்படி நடந்தது என்று கேட்பார்கள் என நினைத்தேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "இந்த நாட்டில் எப்போது குடியேறினீர்கள்?" என் குடியேற்ற விசா கார்டின் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இங்கே சட்டம் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை என்ற காரணத்தைக் காட்டி, அடிபட்ட எதிராளிக்குப் பணம் தராமல் இன்ஷூரன்ஸ் கம்பெனி தப்பிக்க முடியாது. 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு அது. கேட்க நல்லதாக இருக்கிறது இல்லையா? ஆனால் அதே பிரிவு, கொடுத்த பணத்தை ஓட்டியவரிடமே திருப்பி வாங்க வழி விடுகிறது. பம்பர், அவருக்குக் கொடுத்த வாடகைக் கார், கழுத்து வலி என்று எல்லாம் சேர்ந்து 2,900 பவுண்டுக்கு எனக்குக் கடிதம் வந்தது. பதினான்கு மாதத் தவணையில் கட்டினேன். என் கார் ரிப்பேருக்கு ஒரு பென்னி வரவில்லை. அதோடு பாலிசியை அவர்களே ரத்து செய்தார்கள். அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. "உங்கள் பாலிசி எப்போதாவது ரத்து செய்யப்பட்டதா?" என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, பிரீமியம் ஏறுகிறது.

போலீஸ் நிறுத்தியிருந்தால் இன்னும் மோசம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பாயின்ட், வண்டியையும் தூக்கிப் போகலாம். கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை.

இப்போது உங்கள் கேள்விகள். 12 மாதம் நீங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து ஓடுகிறது. கார் வாங்கிய நாளோ பாலிசி போட்ட நாளோ கணக்கில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் அது புதிதாகத் தொடங்காது, நீங்கள் வசிப்பது இங்கேதானே. இன்டர்நேஷனல் பெர்மிட் இந்தக் கெடுவை ஒரு நாள் கூட நீட்டாது. இந்திய லைசென்ஸில் ஆங்கிலம் இருப்பதால் இங்கே அதற்குத் தேவையும் இல்லை.

செப்டம்பர் நடுவுக்குப் பிறகு நீங்கள் வெறும் லேர்னர். ஊரில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் ஒருவர். லேர்னர் மோட்டார்வேயில் போக வேண்டுமானால் டூயல் கன்ட்ரோல் (இன்ஸ்ட்ரக்டர் பக்கமும் பிரேக் உள்ள) வண்டியில், அங்கீகாரம் பெற்ற இன்ஸ்ட்ரக்டருடன் மட்டும்தான். அதனால் ஸ்லவ்வுக்கு எம்4 மோட்டார்வே வழியை மறந்துவிடுங்கள்.

மனைவி விஷயத்தில்தான் வெளிச்சம் இருக்கிறது. அவர்களுடைய 12 மாதம் தனிக் கணக்கு, அடுத்த ஜனவரி 9 வாக்கில்தான் முடியும். செப்டம்பரிலிருந்து நிஜமாகவே அவர்கள்தான் ஓட்டப் போகிறார்கள் என்றால், கம்பெனியிடம் சொல்லி அவர்களை மெயின் டிரைவராக மாற்றுங்கள். பேச்சுக்கு அவர்கள் பெயரைப் போட்டுவிட்டு நீங்கள் ஓட்டக் கூடாது. அது மோசடி. வேலைக்குப் போய்வர கம்யூட்டிங் சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். "நான் லேர்னர் ஆகிறேன்" என்று முன்கூட்டியே சொன்னால் சில கம்பெனிகள் திருத்திக் கொடுக்கும், சில கொடுக்காது. கொடுக்காவிட்டால் நீங்களே ரத்து செய்துவிட்டு வேறு பாலிசிக்கு மாறுங்கள். அவர்கள் ரத்து செய்யும் வரை விடாதீர்கள். ஆனால் இடையில் ஒரு நாள் கூடக் கார் பாலிசி இல்லாமல் தெருவில் நிற்கக் கூடாது. ஓட்டாமல் நிறுத்தியிருந்தாலும் இன்ஷூரன்ஸ் வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸையும் வண்டிப் பதிவையும் பார்க்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.விடம் சோர்ன், அதாவது வண்டி சாலையில் ஓடாது என்று, அறிவித்துவிட்டு சொந்த இடத்துக்குள் ஏற்றி நிறுத்த வேண்டும்.

ஹாரோ அக்கா

வைகைக்கரை சொன்னது எல்லாம் சரி. "பக்கத்தில் ஒருவர்" என்றதை மட்டும் நான் விளக்குகிறேன், எங்கள் ஆட்கள் அதிகம் பிழை விடுகிற இடம் அது.

பக்கத்தில் இருப்பவருக்கு 21 வயது வேண்டும், முழு சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். அதுவும் இந்த நாட்டினதோ ஐரோப்பிய ஒன்றியம் மாதிரி ஏற்றுக்கொண்ட நாட்டினதோ. இந்திய, இலங்கை அனுமதிப்பத்திரம் சரிவராது. அப்படியென்றால் தம்பி, உங்கள் மனைவி ஜனவரி வரை தனியாகக் கார் ஓடலாம், ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து பழக்க ஏலாது. போன வருடம் என் தங்கை மகனும் மருமகளும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் மாறி மாறிப் பழக்கிக்கொண்டு திரிந்தார்கள். எனக்குத் தெரிந்ததும் அன்றைக்கே கார்த் திறப்பை வாங்கி வைத்துவிட்டேன்.

நான் 2003 இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தேன். அப்போது தியரி சோதனையைத் தமிழில் காதில் கேட்டு எழுதலாம். 2014 இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது என் அயலில் இருக்கிற அம்மாமார் எத்தனையோ பேர் 50 கேள்வியில் 43 சரியாக எடுக்க முடியாமல் காலம் போக, பழைய அனுமதிப்பத்திரத்திலேயே பயந்து பயந்து ஓடுகிறார்கள். பார்க்க மனம் பொறுக்குதில்லை. உங்கள் மனைவிக்கு இன்றைக்கே ப்ரொவிஷனலுக்குப் போடுங்கள். ஜனவரி கிட்ட வரட்டும் என்று இருந்தால் அவவும் உங்கள் நிலைமைக்குத்தான் வருவா.

சிராங்கூன் பையன்

சிங்கப்பூரில் டெஸ்ட் எழுதி வாங்கிய லைசென்ஸ் என்றால் இந்தத் தொல்லை இல்லை, குடிவந்து ஐந்து வருஷத்துக்குள் டெஸ்ட் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். ஹாங்காங், ஐக்கிய அரபு எமிரேட்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, இந்தியா இல்லை. ஒரு விஷயம்: சுலபமாக இருக்கும் என்று ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்தால் லைசென்ஸும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான்.

கோவைக்காரன் (ரீடிங்)

அக்கா, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் செப்டம்பருக்குப் பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பழகியிருப்பேன். மிக்க நன்றி.

இன்று மதியம் கம்பெனிக்குப் போன் செய்து இரண்டு பேரின் தேதியையும் உள்ளபடி சொன்னேன். செப்டம்பர் 14 முதல் அவள் மெயின் டிரைவர், என் பெயரை எடுத்துவிடுகிறார்கள். கூடுதலாக 212 பவுண்டு. அவள் கோவையில் ஸ்கூட்டிதான் அதிகம் ஓட்டியிருக்கிறாள், கார் கொஞ்சம்தான். அதனால் இன்ஸ்ட்ரக்டரிடம் ஆறு வகுப்பு சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு ப்ரொவிஷனலும் போட்டாயிற்று. நர்சரிக்கு அவள் ஓட்டுவாள், நான் ஷிஃப்டை எட்டு மணிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வைகைக்கரை அண்ணா, செப்டம்பருக்குப் பிறகு எனக்குத் தனியாக லேர்னர் இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டால், ரீடிங் பக்கம் வரும்போது எனக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவீர்களா?

வைகைக்கரை (மில்டன் கீன்ஸ்)

சந்தோஷமாக வருவேன் தம்பி, ஆனால் நான் இங்கே டெஸ்ட் பாஸ் செய்ததே 2023 நவம்பரில். 2026 நவம்பர் வரை எனக்கும் அந்தத் தகுதி இல்லை. ப்ராக்டிகல் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தினமும் காலையில் அரசுத் தளத்தில் போய்ப் பாருங்கள், யாராவது ரத்து செய்த இடம் வரும். நான் அப்படித்தான் ஐந்து வாரம் முன்னால் நகர்த்தினேன். தேதி வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம்.